கார்டு இல்லாத பயனாளி

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். காசுதான் வேண்டாம், ரேகை வேண்டும். வருஷக்கணக்காகத் தேயிலைக் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காது. "கையைத் துடைச்சிட்டு மறுபடி வைங்கக்கா." துடைத்து வைத்தால் சிக்னல் போய்விடும். சாமி வரம் கொடுத்து, பூசாரியும் தலையாட்டிய பிறகு, மலையில் செல்போன் டவரும் சம்மதிக்க வேண்டும்.

2023-இல் வந்த மகளிர் உரிமைத் தொகைக்குத் தகுதி பெறுவதில் சிரமம் குறைவு. ஐந்து ஏக்கர் நன்செய்க்கு மேல் இருக்கக் கூடாது, கார் இருக்கக் கூடாது என்கிறது விதி. எஸ்டேட் லயத்தில் இதை மீறுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

எந்த விதிக்கும் கட்டுப்படாத பயனாளி ஒருவர் பந்தலூர்ப் பக்கம் இருந்தார். வனத்துறைக்கு பிஎம்-2, ஊருக்கு 'அரிசி ராஜா'. தந்தமில்லாத மக்னா யானை. கார்டு, ரேகை, ஓடிபி எதுவும் இல்லாமல் வீட்டுச் சுவரை இடித்து அரிசியை எடுத்துக்கொண்டார். அதில் உயிர் போனதும் உண்டு. அது சிரிக்கிற விஷயமல்ல. 2022 டிசம்பரில் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி முதுமலையில் விட்டார்கள். அடுத்த மாதமே கேரளத்து சுல்தான் பத்தேரிக்குள் நுழைந்தார். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தை இவ்வளவு முழுமையாக நம்பியவர் வேறில்லை.

ஆகவே அக்காமார்களே, ரேகை விழாவிட்டால் பொறுமையாக வரிசையில் நில்லுங்கள். சுவரை இடித்தால்தான் அரசு உங்களைத் தேடி மலையேறி வரும். ஆனால் மயக்க ஊசியோடு வரும்.