லாகின் ஆனதும் தானா ஓடணும்!

எந்த ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். லினக்ஸ் போட்ட லேப்டாப், மூடியில் பென்குவின் ஸ்டிக்கர். ஒரே வேலையை இரண்டாம் தடவை கையால் செய்ய நேர்ந்தால் முகம் சுண்டிவிடும். "இதையெல்லாம் மனுஷன் செய்வானா? லாகின் ஆனதும் தானா ஓடணும்!" என்பார். எங்களுக்கு அவர் ஆட்டோஸ்டார்ட் அண்ணன்.

'இதையெல்லாம்' என்பது மவுஸ் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது. டெர்மினலில் எக்ஸ்இன்புட் என்று ஒரு வரி அடித்தால் முடிந்தது. அந்த வரியை எங்கே வைத்தால் தானாக ஓடும் என்பதில்தான் அண்ணனின் சனி, ஞாயிறெல்லாம் கரைகின்றன.

முதலில் பாஷ்ஆர்சியில் வைத்தார். டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் ஓடியது. திறக்காத நாளில் ஓடவே இல்லை. கிரானில் 'அட் ரீபூட்' போட்டார். அது யாரும் லாகின் செய்வதற்கு முன்பே ஓடி, எந்தத் திரை என்று தெரியாமல் செத்துப்போனது. டாட் புரொஃபைலிலோ, மண்டபம் திறக்குமுன் வந்து வாசித்துவிட்டுப் போன நாதஸ்வரக்காரர் கதைதான்: ஸ்கிரிப்ட் வேகத்தைக் குறைக்கும், பிறகு எழுந்துவரும் டெஸ்க்டாப் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும்.

கடைசியில் டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஆட்டோஸ்டார்ட், அதற்குள் 'டாட் டெஸ்க்டாப்' என்று முடியும் சின்ன ஃபைல். அதன் 'எக்ஸெக்' வரியில் ஹோமுக்குப் போடும் அலைக்குறி செல்லாது, முழுப் பாதையும் எழுத வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று எல்லாருக்கும் காபி வாங்கித் தந்தார், கூடவே விளக்கமும். காபி சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

அப்போதும் டெஸ்க்டாப்தான் ஜெயித்தது. அண்ணன் ஸ்கிரிப்டின் தலையில் 'ஸ்லீப் 10' என்று எழுதினார். பத்து விநாடி தூங்கி, எல்லாரும் ஓய்ந்த பிறகு ஓடியது.

"ஸ்லீப்பாண்ணே? அசிங்கம். சிஸ்டம்டில யூசர் யூனிட் போடுங்க" என்றான் பக்கத்து சீட் தம்பி.

"புதுசா வர்றதையெல்லாம் நம்ப முடியாதுப்பா."

சிஸ்டம்டி வந்தது 2010இல்.

இத்தனைக்கும் அண்ணன் லாகவுட் செய்கிற ஆளே இல்லை. மூடியைச் சாத்துவார், திறப்பார். "மாசக்கணக்கா ரீபூட் இல்லாம ஓடுது" என்று பெருமை வேறு. அந்த ஸ்கிரிப்ட் ஓடியதெல்லாம், அது ஓடுகிறதா என்று பார்க்க அவர் ரீபூட் செய்தபோதுதான்.

பிறகு உபுண்டு 20.04இலிருந்து 22.04க்கு மாறினார். உள்ளே எக்ஸ் போய் வேலண்ட் வந்திருந்தது. எக்ஸ்இன்புட் பாச்சா அங்கே பலிக்கவில்லை. மவுஸ் தாறுமாறாக ஓட, அண்ணன் மோவாயில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கவுன்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண் எட்டிப் பார்த்தாள். "செட்டிங்ஸ்ல மவுஸ்னு இருக்கே சார்?" என்று ஸ்லைடரை இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தாள். வேகம் குறைந்தது. லாகவுட் செய்து மறுபடி உள்ளே வந்தார்கள். வைத்தது வைத்தபடி இருந்தது.

அண்ணன் நெடுநேரம் திரையையே பார்த்தார்.

"இதுக்கு ஜிசெட்டிங்ஸ்னு ஒரு கமாண்டு இருக்கும்மா" என்றார். "அதை லாகின்ல ஓட விட்டுட்டா, யாரும் இப்படி இழுத்துக்கிட்டு இருக்க வேண்டாம்."