மேற்படி மாமா: கல்யாண வீடியோவைச் சுருக்கி அனுப்புவது குறித்து ஓர் ஆய்வு

வழிநூல் நான்கு வகைப்படும் என்கிறது தொல்காப்பிய மரபியல். தொகுத்தல், விரித்தல், இரண்டையும் கலந்து செய்தல், மொழிபெயர்த்தல். கல்யாண வீடியோ இவற்றுள் விரித்தலின்பாற்படும் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை வர வழியில்லை. ஒன்றரை மணி நேரச் சடங்கு 3 மணி 40 நிமிடமாக வளர வேண்டுமென்றால், மணப்பெண் மருதாணிக் கையை ஏழு கோணங்களில் திருப்பித் திருப்பிக் காட்டியாக வேண்டும். ட்ரோன் மண்டபத்தின் தண்ணீர்த் தொட்டியை இரண்டு முறை வலம் வந்தாக வேண்டும். இப்படி விரிந்ததைத் திரும்பத் தொகுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

ஆய்வு எல்லை: சென்னையில் நடந்த என் தங்கை மகள் கல்யாணம். எடுத்துக்கொண்ட கோப்பு ஒன்று. ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு சொல்லலாமா என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தை நடத்திவிட்டு வந்து கேட்கலாம். ஆய்வுக்கான தூண்டுதல், அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தை போட்ட போன்: "ஏல, அனுப்புதேன் அனுப்புதேன்னு மூணு மாசமா சொல்லுத. வீடியோ எங்கல?"

வீடியோவின் அளவு 33 ஜிபி. முதலில் மூலபாடம் எது என்று தெளிவுபடுத்திக்கொள்வது பதிப்பு நெறி. திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் இருபது லட்சத்துச் சொச்சம். புள்ளிக்கு மூன்று பைட், விநாடிக்கு 25 படம் என்று வைத்தால் ஒரு விநாடிக்கு மட்டும் 155 எம்பி. முழுக் கல்யாணமும் இரண்டாயிரம் ஜிபியைத் தாண்டும். ஆக, வீடியோக்காரர் 'ஒரிஜினல் சார், பத்திரம்' என்று சொல்லிக் கையில் கொடுத்தது, அறுபதில் ஒரு பங்காக ஏற்கெனவே சுருங்கிய வழிநூல். முதல்நூலைக் கண்டவர் எவரும் இல்லை. கேமராவே அதைப் பார்த்த கணத்தில் கரைத்துக் குடித்துவிடுகிறது.

இது தெரியாமல் என் தங்கையின் நாத்தனார் மகன் "ஜிப் பண்ணுங்க மாமா, சுருங்கிடும்" என்றான். பண்ணினேன். அரை மணி நேரம் கணினியின் விசிறி இரைந்தது. வந்தது 33 ஜிபி. பிழிந்த சக்கையை மறுபடி ஆலையில் கொடுத்தால் சாறு வராது என்பது கரும்பு விளைகிற ஊர்க்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுருக்கம் எப்படி நடக்கிறது? பத்திரம் எழுதுபவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். முதல் வரியில் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம் எல்லாம் எழுதுவார்கள். அப்புறம் 'மேற்படி நபர்', 'மேற்படி சொத்து' என்றே போய்க்கொண்டிருப்பார்கள். வீடியோவும் அப்படித்தான். எங்கோ ஒரு படத்தை மட்டும் முழுதாக எழுதிக்கொள்ளும். அதற்கு ஐ-ஃப்ரேம் என்று பெயர். பின்னால் வருபவற்றில் மாறியதை மட்டும் குறிக்கும், மாறாதது மேற்படி. நகர்ந்தால், 'மேற்படித் துண்டு இரண்டு புள்ளி வலப்பக்கம்' என்று குறிப்பு. இவ்வகைப் படங்கள் இரண்டு: ஒன்று முந்தையதை மட்டும் பார்ப்பது, மற்றது முன்னும் பின்னும் பார்ப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் 'பி' ஆகிவிடுவதால், முன்னதை மேற்படி என்றும், பின்னதை மேற்படி-கீழ்க்கண்டபடி என்றும் வழங்க இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

இங்கேதான் மாமா வருகிறார். அத்தையின் கணவர். இரண்டாவது வரிசை, ஓரத்து நாற்காலி. காசி யாத்திரைக்குக் குடை பிடித்தபோது உட்கார்ந்தவர், ஊஞ்சல் முடிந்து, கன்னிகாதானம் முடிந்து, கூறைப்புடவை மாற்றிக்கொண்டு பெண் வரும்வரை இம்மியும் அசையவில்லை. கண் இமைத்ததற்கே சான்று தேடித்தான் பார்க்க வேண்டும். சுருக்க இயலின் நோக்கில் இவர் இலட்சிய விருந்தாளி. ஒருமுறை எழுதிக்கொண்டால் போதும், அதன்பின் மேற்படி மாமா, மேற்படி மாமா. அவர் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒன்றுவிட்ட அக்காவுக்கு ஆகும் பைட்டில் இவரைப் போல ஒரு தெருவையே உட்கார வைக்கலாம்.

அடுத்தது வண்ணக்குறுக்கம். மகரம் தன் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறுகும் இடங்களை இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். வீடியோவில் நிறம் அவ்வாறே கால் பங்காகிறது. வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதிக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒருமுறை எழுதுவார்கள். மனிதக் கண் வெளிச்சத்தில் கறார், நிறத்தில் ஏமாளி. கடையில் பட்டு எடுக்கும்போது மயில்கழுத்துப் பச்சைக்கும் ராமர் பச்சைக்கும் ஒன்றரை மணி நேரம் வாதாடிய குடும்பத்துக்கு இந்தச் செய்தியை நான் இன்னும் தெரிவிக்கவில்லை.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஏற்ற இறக்க அலைகளாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளைக் கழித்துவிடுவது. பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது இந்த யோசனைக்கு 1972-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பண உதவி கேட்டார், கிடைக்கவில்லை. விடவில்லை. தம் மாணவர் டி. நடராஜனோடும் கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். டிஸ்கிரீட் கோசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்று அதற்குப் பெயர். ஜேபெக் படமும், 2003-இல் வந்த எச்.264 முறையும் அதன் பிள்ளைகுட்டிகள். குடும்பக் குழுவில் தினமும் வரும் காலை வணக்கத்து ரோஜாப்பூவில் ஓர் இதழாவது இம்மூவருக்கு உரியது.

இனி அனுப்பும் படலம். வீடியோவாக அனுப்பினால் 16 எம்பி என்பது வாட்ஸ்அப்பில் நெடுங்காலம் இருந்த வரம்பு. பிட் என்பது பைட்டில் அரைக்கால் என்ற பழைய வாய்ப்பாட்டைக் கொண்டு வகுத்தேன். 3 மணி 40 நிமிடத்தை 16 எம்பிக்குள் அடைத்தால் விநாடிக்குப் பத்துக் கிலோபிட்கூடத் தேறாது. பழைய ஜிஎஸ்எம் போனில் வெறும் குரலுக்கே 13 கிலோபிட் கொடுத்தார்கள். படத்தை முற்றாகத் துறந்து ஒலியை மட்டும் அனுப்பினாலும் நாதஸ்வரம் மூக்கடைத்துத்தான் போய்ச் சேரும்.

ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை போகும். 2022-இல் கிடைத்த சலுகை அது. அதற்குள் அடக்க விநாடிக்கு 1.2 மெகாபிட். இந்த எண் எங்கோ பார்த்ததாக இருந்தது. பார்த்ததுதான். மணமக்கள் படம் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டியில் மூன்று தட்டுகளாக வந்த விசிடியில் படத்துக்கு ஒதுக்கிய வேகமும் கிட்டத்தட்ட இதே 1.15 மெகாபிட். எச்.264 அதே பிட்டுக்குப் பன்மடங்கு நல்ல படம் தரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். சின்னம், அன்னாசிப் பழமும் ஒரு பானக் கோப்பையும். காரணம் ஆராயத்தக்கது, நான் ஆராயவில்லை. சராசரி வேகம் இவ்வளவு என்று கொடுத்தேன். 'இருமுறை ஓட்டவா' என்று கேட்டது. ஒருமுறைக்கே ராத்திரி முழுக்க ஆகுமே என்று வேண்டாம் என்றேன். தவறு அங்கே நடந்தது. முதல் ஓட்டத்தில் எங்கெங்கே கூட்டம் என்று எண்ணிக்கொண்டு, இரண்டாம் ஓட்டத்தில் அதற்கேற்பப் பரிமாறும். பந்திக்கு எத்தனை இலை என்று கேட்காமலே உலை வைத்த சமையல்காரன் நான்.

மறுநாள் மத்தியானம் அத்தை போன். "ஏல, மாமா மூஞ்சி எங்கல? கட்டம் கட்டமால்லா இருக்கு, கணக்கு நோட்டு மாதிரி!"

போட்டுப் பார்த்தேன். கெட்டிமேளம் கொட்டுகிறது. தாலி ஏறுகிறது. நானூறு பேர் ஒரே நேரத்தில் அட்சதை வீசுகிறார்கள். மழை, பனி, அட்சதை மூன்றும் சுருக்க முறைக்குப் பரம விரோதிகள். ஒவ்வொரு மணியும் தனித் திக்கில் பறக்கிறது. எதற்கும் முந்தைய படத்தில் முன்மாதிரி இல்லை. மேற்படி என்று எழுத ஒன்றுமே கிடைக்காமல் பிட்டுகள் திண்டாடி, முகங்கள் சதுரம் சதுரமாக உதிர்கின்றன. அன்று முழுவதும் அசையாதிருந்த மாமா அசைந்தது அந்த ஒரு தருணத்தில்தான். எழுந்து நின்று, எட்டி, கையை நன்றாக ஓங்கி வீசினார். வாய்விட்டுச் சிரித்தார் என்றும் சொல்கிறார்கள். என் பதிப்பில் அது ஒன்பது பழுப்புச் சதுரங்களாகப் பதிவாகியுள்ளது. மூன்றரை மணி நேரம் அவரால் மிச்சமான பிட்டுகளில் ஒரு பிடியை அந்தப் பதினோரு விநாடிக்கு ஒதுக்கியிருந்தால் போதும். ஒருமுறை ஓட்டத்தில் அந்த நன்றி கிடையாது.

வேறு வழியில்லை, முழுக் கோப்பையே அனுப்புவதென்று துணிந்தேன். கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. அதையும் என் பழைய மின்னஞ்சல்கள் குத்தகைக்கு எடுத்திருந்தன. 64 ஜிபி பென் டிரைவில் போடப் போனால், இடமிருந்தும் 'கோப்பு பெரிது' என்று திருப்பியது. அத்தை வீட்டு டிவிக்குப் புரியட்டும் என்று அதை ஃபேட்32 முறையில் வைத்திருந்தேன். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது. ஒன்பதாக வெட்டினேன். காகிதத்தில் சுற்றி, கோயம்பேட்டுக்குப் போய், திருநெல்வேலி போகும் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டேன்.

ஆய்வாளன் என்ற முறையில் இதையும் அளந்தேன். 33 ஜிபி, 12 மணி நேரம்: விநாடிக்கு 6 மெகாபிட். செங்கல்பட்டு டீக்கடை நிறுத்தமும் இதில் அடக்கம். இரண்டு பென் டிரைவ் வைத்திருந்தால் 12. பஸ் நிறைய வைத்தால் வரும் எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் மனநிலை கருதி வெளியிடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் குடும்பக் குழுவில் அத்தையிடமிருந்து ஒரு வீடியோ. டிவியில் ஓடுவதைத் தன் போனில் பிடித்திருக்கிறாள். 11 விநாடி, 3 எம்பி. மூலத்தில் பதினோராயிரத்தில் ஒரு பங்கு. எந்த மென்பொருளும் எனக்கு இந்த அளவுக்குச் சுருக்கித் தரவில்லை. அடுப்படியில் குக்கர் விசில் கேட்கிறது. படம் சற்றே கோணல். மாமா எழுகிறார், எட்டுகிறார், வீசுகிறார். சிரிக்கத்தான் செய்திருக்கிறார். கூர்ந்து பார்த்தால் டிவிக் கண்ணாடியில் இன்னொரு உருவமும் மங்கலாகத் தெரிகிறது: எதிரே ஈஸி சேரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாமா. பதினோரு விநாடியும் அசையவில்லை.