ஜீப் வளர்ப்பு: பராமரிப்பும் துணைக் கருவிகளும்

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, காட்டிலும் மணலிலும் சேற்றிலும் போவது. மற்றது, அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஒன்றரை வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது. பெரும்பாலான வண்டிகள் வாழ்நாள் முழுவதும் செய்வது இரண்டாவதைத்தான். எனவே அவற்றின் பராமரிப்பு என்பது நிற்கும் வண்டியின் பராமரிப்பே.

வில்லிஸ் ஜீப்பை 1947இல் மஹிந்திரா இங்கே பூட்டத் தொடங்கியதிலிருந்து, 2020இல் புதுப்பித்து வெளிவந்த தார் வரை, கியர் லீவருக்குப் பக்கத்தில் குட்டி லீவர் ஒன்று இருந்து வருகிறது. முன் அச்சையும் இழுவையில் சேர்ப்பது அதன் வேலை. மாதம் ஒருமுறையாவது அதை நான்கு சக்கர இழுவைக்கான 4 எச் நிலையில் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். போடாவிட்டால் ஆயில் அடியிலேயே தேங்கி, மேலே உள்ள பற்சக்கரங்கள் காய்ந்து கிடக்கும். ஆனால் காய்ந்த தார்ச் சாலையில் இதைச் செய்யக் கூடாது. இவ்வகை வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். மண்ணில் என்றால் சக்கரம் சற்றே சறுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் சறுக்க வழியில்லாமல் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். நகரத்தில் மண்தரைக்கு எங்கே போவது என்ற கவலை வேண்டாம். ஏதோ ஒரு துறை எதற்காகவோ தோண்டி, மூட மறந்த தெரு எப்போதும் நடக்கும் தூரத்திலேயே இருக்கும்.

அந்தக் குட்டி லீவர் இயக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலை உரிமையாளர் தாமே மாற்றுவது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் முக்கியப் பொருளாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்பதற்குள்ளேயே இடம் தீர்ந்துவிடும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ.ஜே. கிராஸில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை புதிய கிரீஸ் ஏற்ற வேண்டும். கடற்கரை மணலில் ஓடிய வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு தங்குவது அடிப்புறத்தில், உரிமையாளர் கழுவுவது பானெட்டை. சேற்றுக்கு வேறு சட்டம். கதவில் அப்பிய சேற்றைத் திங்கட்கிழமை அலுவலகம் முடியும்வரை கழுவுவதில்லை.

மணலில் இறங்குமுன் டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறைப்பார்கள். டயர் தரையில் படும் பரப்பு நீளும், வண்டி புதையாது. தார்ச் சாலைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றியாக வேண்டும் என்பதால் சிறிய கம்ப்ரஸர் ஒன்று கூடவே போகும். அது சரியாக வேலை செய்கிறதா என்று பரிசோதிக்க உகந்த நேரம் ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணி என்று இவ்வண்டிக்காரர்களுக்குள் ஏதோ உடன்பாடு இருக்கிறது. பரிசோதனை முடிவைக் கேட்காமலே அறிந்துகொள்ளும் பாக்கியம் முதல் தளத்துக்காரர்களுக்குக் கிடைக்கிறது.

ஸ்நார்கெல் என்பது காற்றை உயரத்திலிருந்து எடுத்து எஞ்சினுக்குத் தரும் குழாய். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் அமுங்காததால் கனெக்டிங் ராடு வளையும். அதைத் தடுக்கத்தான் இது. ஆனால் அச்சுகளின் பிரீதர் குழாய்களையும் சேர்த்து உயர்த்தாவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் போட்ட டீயின் நிறத்துக்கு வரும். பிரீதர் குழாய் வெளியே தெரியாது. ஸ்நார்கெல் தெரியும். எது முதலில் வாங்கப்படுகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ரெட் அலர்ட் வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை ஏற்றி வரிசையாக நிறுத்துகிறார்கள். ஸ்நார்கெல் வைத்தவருக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு.

அடுத்தது ஹை-லிஃப்ட் ஜாக்கி. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1905 முதல் தயாராகும் பண்ணைக் கருவி இது. நாலடி உயர மாதிரியின் எடை கிட்டத்தட்ட 13 கிலோ. கைப்பிடியை அஜாக்கிரதையாக விட்டால் தாடையைப் பெயர்க்கும். புதிய வண்டியில் இதை மாட்டித் தூக்க இடமில்லை, பம்பர் பிளாஸ்டிக். ஆகவே இரும்பு பம்பர் போட வேண்டும். இங்கிருந்து தொடங்குவது கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்த சாமியார் கதைதான். இரும்பு பம்பரின் கனத்தில் முன்பக்கம் தாழ்வதால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். புது ஸ்பிரிங் வண்டியை உயர்த்துவதால் பெரிய டயர் போட இடம் கிடைக்கும். இடம் கிடைத்த பிறகு போடாமல் இருக்க முடியாது. பெரிய டயரால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், இழுவை குறையும், ஸ்டெப்னியும் கனத்துப் பின்கதவின் கீல் தொங்கும், ஆகவே ஸ்டெப்னிக்குத் தனி இரும்புச் சட்டம். உயர்ந்த வண்டியில் ஷாஃப்டின் கோணம் மாறி அதிரும். அதற்கொரு மாற்று ஷாஃப்ட். பம்பர் இருக்கிறதே என்று விஞ்ச். விஞ்ச் நூற்றுக்கணக்கான ஆம்பியர் குடிப்பதால் இரண்டாவது பேட்டரி. இதற்கிடையே, பாதசாரிகளின் பாதுகாப்பைச் சொல்லி, முன்பக்கத்தில் கூடுதலாக மாட்டும் இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சாமியாருக்குக் கடைசியில் ஒரு குடும்பமாவது மிஞ்சியது. ஜீப்காரருக்கு மிஞ்சுவது இரண்டாவது பேட்டரியின் மின்சாரம். விஞ்ச்சுக்கு வேலை வராததால் அந்த மின்சாரம் விளக்குகளுக்குப் போகிறது.

கூரை மேல் பொருத்தும் எல்இடி பார் விளக்குக்கு ரிலேயும் ஃபியூஸும் வைத்துத் தனி வயரிங் இழுக்க வேண்டும். ஹெட்லைட் வயரில் ஒட்டுப் போட்டால் வயர் கருகும். உயரத்திலிருந்து விழும் வெளிச்சம் சொந்த பானெட்டில் பட்டு ஓட்டுபவரின் கண்ணிலேயே அடிக்கும். மூடுபனியிலும் புழுதியிலும் துகள்களில் பட்டுத் திரும்பி, எதிரே வெள்ளைச் சுவராக நிற்கும். ஆக, ஓட்டுபவருக்கு இதனால் அவ்வளவாகப் பயனில்லை. முழுப் பயனும் எதிரே வருபவருக்குத்தான். சென்ற ஞாயிறு இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில், தெருவிளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்த இடத்தில், ஸ்கூட்டரில் வந்த ஒருவர் அந்தப் பயனை முழுமையாக அடைந்து, சாலையோர மணலில் வண்டியை இறக்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். அவரிடம் 4 எச் இல்லை. அவரே பிறகு பேனாவை எடுப்பார் என்று ஜீப்காரர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி வண்டியின் முகப்பில் ஸ்பாட் லைட் வைக்கக் கூடாது என்கிறது. சாலையில் போகும்போது மூடிவைக்க இவ்விளக்குகளுக்குப் பிளாஸ்டிக் உறைகள் விற்கின்றன. அவற்றை வாங்குபவர்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உறை தேடச் சோம்பல்படுபவர்கள் டாஷ்போர்டைக் கவனிக்கலாம். அங்கே பொருத்திய ஸ்விட்சுக்கு அணைக்கும் நிலையும் ஒன்று உண்டு.