அட்மின் அவர்களின் மேலான கவனத்துக்கு

அனுப்புநர்: பி பிளாக் இரண்டாவது மாடி, வானகரம்.
பெறுநர்: மாண்புமிகு அட்மின் அவர்கள், எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு.
பொருள்: ஞாயிறன்று லிஃப்ட்டில் வீசிய மீன் வாடை தொடர்பாக.

ஐயா,

காலை 7.10-க்கு ஏ பிளாக்கிலிருந்து ஒரு வரி வந்தது: ‘லிஃப்ட்டில் மீன் வாடை.’ எங்கிருந்தெல்லாமோ வந்து மீன் வாங்கிப்போகும் மார்க்கெட் நம் ஊரில் இருக்கிறது. ஞாயிறு காலையில் மல்லிகையா மணக்கும்? ‘பை சொட்டாம எடுத்துட்டு வாங்க’ என்று யாராவது சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அதற்குள் ஒருவர், ‘சிலருக்கு நாகரிகம் தெரியாது’ என்றார். யார் அந்தச் சிலர்? பிடித்துக்கொண்டது. பைக் நிறுத்துமிடம், மெயின்டனன்ஸ் பாக்கி, 2023 மிக்ஜாம் புயலில் ஜெனரேட்டருக்கு டீசல் யார் காசு என்று மதியத்துக்குள் 143 மெசேஜ்.

கொளுத்திப்போட்ட ஏ பிளாக் ஆசாமி அப்புறம் வாயே திறக்கவில்லை. அரை மணிக்கொரு தரம் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை முகம் ஒன்றை மட்டும் போட்டார். உழைத்ததெல்லாம் நாங்கள்தான். என் பங்கு 11. அதில் மூன்று, எதிராளியின் எழுத்துப்பிழையைத் திருத்தியது.

தாங்களோ காலையில் ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’ போட்டதோடு சரி. உறுப்பினர் எழுதியதற்கு வெறும் அட்மினாக இருந்தவர் மீது குற்றம் சாட்ட முடியாது என்று 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பீர்கள் போலும். ஐயா, அட்மினாக மட்டும் இருந்தால் வழக்கில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அட்மினாகக்கூட இருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் மெசேஜையும் அழிக்கும் வசதி 2022-லேயே தங்கள் கைக்கு வந்துவிட்டது. கவர் பிரிக்காத ரிமோட் மாதிரி வைத்திருக்கிறீர்கள்.

ஊர் ராசி என்பீர்கள். 2022 ஜூன் 23-இல் இங்கே ஸ்ரீவாரு மண்டபத்தில்தான் அதிமுக பொதுக்குழு 23 தீர்மானங்களையும் நிராகரித்தது, ஓ. பன்னீர்செல்வத்தை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. ஆனால் அவர்கள் கூட்டம் முடிந்ததும் வேன் ஏறிப் போய்விட்டார்கள். நம் குழுவில் யாரும் வேன் ஏறுவதில்லை.

இன்னொன்றும் தங்கள் கவனத்துக்கு. சாயங்காலம் நான் கேஸ் சிலிண்டரோடு நிற்க, அந்த ‘நாகரிக’க்காரர் லிஃப்ட் கதவைக் காலால் அணைத்துப் பிடித்து, “மெதுவா சார், சாப்டாச்சா?” என்றார். “ஆச்சு சார்.” மேலே வந்து போனைத் திறந்தால், 4.52-க்கு என்னை ‘அரைவேக்காடு’ என்று எழுதியிருக்கிறார். உடனே பதில் போட்டேன். அது பன்னிரண்டாவது.

ஆகவே, ஞாயிறு ஒருநாளாவது ‘அட்மின் மட்டும் எழுதலாம்’ என்று மாற்றிவைக்க வேண்டுகிறேன். என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு மெசேஜ் 200-ஐத் தாண்டும்.

பி.கு.: காலை 7.25-க்கு, சண்டைக்கு நடுவில், சி பிளாக் அம்மா ஒருவர், ‘தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும்?’ என்று கேட்டிருந்தார். அவருக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.