சிவப்புக்குச் சிவப்பே போடுங்கள்

திருச்சி வாசகர்: காருக்கு வயது பத்து. பின் விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்ற ஆசை. கடையில் என்னவென்று கேட்பது?

பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், கேட்கும் வேலையே மிச்சம். அதன் உலோக மூடியில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 21/5 வாட் என்று இருந்தால் அது டபுள் ஃபிலமென்ட். 5 வாட் இழை இரவில் எரியும் டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பக்கத்தில் இருக்கும் இரண்டு முளைகளில் ஒன்று சற்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கும், அதனால் ஹோல்டரில் தப்பாக மாட்டவே முடியாது. கடைக்காரர்கள் இதை 1157 என்பார்கள். ஒற்றை இழை 21 வாட் என்றால் 1156.

முளை இல்லாமல் சொருகுகிற ரகமும் உண்டு. அதில் எல்.இ.டி.யைப் போட்டு எரியவில்லை என்றால், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் பல்பை ஒரு தடவை திருப்பிச் சொருகிப் பாருங்கள். எல்.இ.டி.க்கு பிளஸ், மைனஸ் முக்கியம்.

சேலம் வாசகர்: வெள்ளை எல்.இ.டி.தான் பளிச்சென்று இருக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

கடை மேசையில் வெள்ளைதான் பளிச். நீங்கள் போடப்போவதோ சிவப்பு கவருக்குள்! அந்த கவர் ஒரு சல்லடை. சிவப்பை மட்டும் வெளியே விட்டு, மற்ற நிறங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய ஃபிலமென்ட் ஒளியில் சிவப்பு தாராளமாக இருந்ததால் சேதம் தெரியவில்லை. வெள்ளை எல்.இ.டி. உள்ளே நீலச் சில்லு, அதன் மேல் மஞ்சள் பூச்சு. அதில் சிவப்பு குறைவு. பாதிக்கு மேல் கவரிலேயே நின்றுவிடும், வெளியே வருவதும் வெளிறிப்போன சிவப்பாகத்தான் இருக்கும். சிவப்பு கவருக்குச் சிவப்பு எல்.இ.டி., ஆரஞ்சு கவருக்கு ஆரஞ்சு. வெள்ளை, ரிவர்ஸ் விளக்குக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் மட்டும்.

மதுரை வாசகர்: மாற்றிவிட்டேன். தெருவே ஜொலிக்கிறது! ஆனால் பின்னால் வந்த நண்பர், “பிரேக் போட்டதே தெரியலையே” என்கிறார். ஏன்?

உங்கள் நண்பருக்கு நன்றி சொல்லுங்கள், பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பழைய 21/5 பல்பில் டெயில் இழை தருவது சுமார் 35 லூமன், பிரேக் இழை தருவது சுமார் 440 லூமன். பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். பின்னால் வருகிறவரின் கால் பிரேக்குக்குப் போவது இந்தத் தாவலைப் பார்த்துத்தான். மலிவான எல்.இ.டி.கள் பலவற்றில் டெயிலே முக்கால் பிரகாசத்தில் எரியும். பிரேக்கை மிதித்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இரவில் அதை யார் கவனிப்பார்கள்?

இன்னொரு கோளாறும் இருக்கலாம். ஃபிலமென்ட் எல்லாப் பக்கமும் ஒளி வீசும். அதைச் சுற்றியுள்ள ரிஃப்ளெக்டர் அந்த ஒளியை வாங்கி விளக்கு முழுவதையும் நிரப்பும். நுனியில் மட்டும் சில்லு வைத்த எல்.இ.டி. என்றால் நடுவில் ஒரு புள்ளி சுடர்விடும், மற்ற இடமெல்லாம் இருட்டு. பக்கவாட்டிலும் சில்லு உள்ளதாக வாங்குங்கள். ஒருபக்கம் எல்.இ.டி., மறுபக்கம் பழைய பல்பு என்று மாட்டி, வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். இருபது அடி தள்ளி நின்று நீங்கள் பாருங்கள். இரவில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை. எல்.இ.டி. தோற்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கோவை வாசகி: இண்டிகேட்டரையும் மாற்றினேன். இப்போது படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதற்கு என்ன அவசரம்?

பல்பு ஃபியூஸ் என்று உங்களுக்குத் தகவல் சொல்கிற அவசரம்! 21 வாட் பல்பு இழுக்கும் மின்சாரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது ஃபிளாஷர். எல்.இ.டி. அதில் ஒரு பங்குதான் இழுக்கிறது. பல்பு போய்விட்டது என்று முடிவுகட்டி வேகமாக அடிக்கிறது. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

ரெசிஸ்டர் போட்டால் சரியாகும் என்பார் எலக்ட்ரீஷியன். சரியாகும்தான். ஆனால் 6 ஓம் ரெசிஸ்டர், எஞ்சின் ஓடும்போதுள்ள 14 வோல்ட்டில், எரியும் ஒவ்வொரு கணமும் 30 வாட்டுக்கு மேல் சூடாக வெளியேற்றும். பிளாஸ்டிக்கிலோ டிக்கி கார்ப்பெட்டிலோ ஒட்டினால் உருக்கிவிடும். இரும்பில்தான் திருகி இறுக்க வேண்டும். தனி ஃபிளாஷர் ரிலே உள்ள பழைய கார் என்றால், எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷரைப் போடுவது சுத்தமான வேலை. புதுக் கார்களில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்ப்பதால் அந்த வழியும் இல்லை. என்னைக் கேட்டால், பிரேக்கையும் டெயிலையும் மாற்றுங்கள், இண்டிகேட்டரைப் பழைய பல்பிலேயே விடுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: மைலேஜ் கூடுமா?

கூடாது.

நெல்லை வாசகி: என் காரின் பின் விளக்கை நான் பார்க்கப்போவதே இல்லையே, பிறகு எதற்குச் செலவு?

உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்காக. ஃபிலமென்ட் சூடேறி முழுதாய் எரிய நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். எல்.இ.டி. மிதித்த கணமே எரிந்துவிடும். நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர், அந்த இடைவெளியில் நாலரை மீட்டர் ஓடிவிடுவார். உங்கள் சின்னக் காரின் நீளமே அவ்வளவு இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல எல்.இ.டி.க்குக் காசு கொடுக்கலாம்.

வேலூர் வாசகர்: பிரேக் பிடித்ததும் மின்னி மின்னி எரிகிற எல்.இ.டி. போடலாமா? மகன் கேட்கிறான்.

வேண்டாம். மின்னினால் இண்டிகேட்டரா, ஹசார்டா, பிரேக்கா என்று பின்னால் வருகிறவர் யோசிக்க வேண்டிவரும். நீங்கள் சம்பாதித்த நாலரை மீட்டரும் அந்த யோசனையிலேயே போய்விடும். கம்பெனி தராத விளக்கை மாற்றி மாட்டுவதில் மோட்டார் வாகனச் சட்டமும் வாரன்டியும் குறுக்கே வரும். சர்வீஸ் சென்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: கழற்றிய பழைய பல்புகளை என்ன செய்ய?

கண்ணாடி கறுத்திருந்தால் குப்பைக்கு. தெளிவாக இருந்தால் துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். ராத்திரி மலைப்பாதையில் எல்.இ.டி. காலை வாரினால், அதே ஹோல்டரில் அதுதான் உடனே உட்காரும்.