பொடிசுகளோடு ஆல்ப்ஸ்

கேள்வி: இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள். ஒரே வாரத்தில் ரயிலிலேயே சுவிட்சர்லாந்து முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: தாராளமாக. ஊர் திரும்பியதும் படுத்துக்கிடக்க இன்னொரு வாரம் லீவு கிடைக்குமென்றால்!

தினம் ஒரு ஹோட்டல் என்று பெட்டி தூக்காமல், வெங்கன் போன்ற ஒரே கிராமத்தில் டேரா போடுங்கள். கார் ஓடாத ஊர். லாட்டர்புருன்னனிலிருந்து மலை ரயிலில்தான் ஏற வேண்டும். சின்னது கையை உதறிவிட்டு ஓடினாலும் அடிவயிறு கலங்காது.

ஆறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு, பெற்றோரோடு போனால், ரயிலில் டிக்கெட் இல்லை. பெரிய நகரங்களுக்கிடையே ஓடும் சில மாடி ரயில்களில் குடும்பப் பெட்டி என்றே ஒன்று உண்டு, மேல்தளத்தில் சறுக்குமரம். ஜன்னலுக்கு வெளியே பனிமலை ஜொலிக்கும், உங்கள் வாரிசு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதினேழாவது தடவையாகச் சறுக்கும். விட்டுவிடுங்கள், மலை எங்கும் ஓடிவிடாது.

யுங்ஃப்ராவ் மலை ரயிலின் உச்சி ஸ்டேஷனா? 3,454 மீட்டர். காற்று மெலிசு, கட்டணம் தடிசு. இரண்டு வயதுக்காரரை அங்கே ஏற்றாதீர்கள். லாட்டர்புருன்னனில் சுமார் 300 மீட்டர் விழும் ஸ்டௌப்பாக் அருவியைக் காசில்லாமலே பார்க்கலாம்.