ஒண்ணாம் நம்பர் ரோலர்

லண்டனில் 1947ல் இரண்டு ஸ்மித்துகள் சேர்ந்து ஒரு வார்ப்படக் கம்பெனி தொடங்கினார்கள். லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித். பங்காளிகள்கூட இல்லை, வெறும் கூட்டாளிகள். ஆளுக்குக் கொஞ்சம் பெயரைப் பிய்த்து ஒட்டியதில் ‘லெஸ்னி’ பிறந்தது. பட்டறை, ஒரு பாழடைந்த மதுக்கடை. எங்கள் மலாயாத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து வெளியே வந்தது சண்டை மட்டும்தான். அவர்களுடையதிலிருந்து 1948ல் ரோடு ரோலர் வந்தது.

ஏவலிங் பார்ஃபோர்ட் ரோலரைப் பார்த்துச் செய்த பொம்மை அது. பிறகு, கூட்டாளியாகச் சேர்ந்த ஜாக் ஓடலின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் வந்தது: தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மைதான் கொண்டுவரலாம். அப்பன் வாத்தியாருடன் மல்லுக்கு நிற்கவில்லை. ரோலரையே சுருக்கிப் பித்தளையில் வார்த்துக் கொடுத்துவிட்டார். அதிலிருந்துதான் 1953ல் ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை. ரோலர் ஒண்ணாம் நம்பர், மண் டம்பர் இரண்டு, சிமெண்ட் மிக்சர் மூன்று. முதல் மூன்று நாற்காலியிலும் கூலிக்கார வண்டிகள்!

அதே வருடம் அவர்களுடைய முடிசூட்டு ரதம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்கு முந்தைய பெரிய ரதத்தில் ராஜாவும் உட்கார்ந்திருந்தார். 1952ல் அவர் காலமாகிவிட, அச்சில் அவரை வெட்டி எடுத்தார்கள். கால் மட்டும் மிச்சம். ராணி பக்கத்தில் இரண்டு கால்கள் ஊர்வலம் போயின.

அதே 1953ல்தான், செப்டம்பரில், அவசரகால மலாயாவின் முதல் ‘வெள்ளைப் பகுதி’ மலாக்காவில் அறிவிக்கப்பட்டது. ஊரடங்கும் அரிசிக் கெடுபிடியும் அங்கே தளர்ந்தன. ரோட்டில் நிம்மதியாக நடக்கலாம். கல் உடைத்து, தார் காய்ச்சி ரோடு போட்டவர்களில் பி.டபிள்யூ.டி. என்ற பொதுப்பணித் துறையின் தமிழர்கள் ஏராளம். எல்லாம் முடிந்த பிறகு ரோலர் வந்து உருண்டு பெயரைத் தட்டிக்கொண்டு போகும். கங்காணி மாதிரி.

பொம்மை ரோலருக்கு 1955, 1958, 1962 என்று அச்சு மாறிக்கொண்டே வந்தது. சேகரிப்பாளர்கள் வெளிர் பச்சையா கரும்பச்சையா, உருளை உலோகமா பிளாஸ்டிக்கா என்று பூதக்கண்ணாடியோடு கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். நாங்களும் வகை பிரித்தவர்கள்தான். மலாக்காவில் ஜாசின் பக்கத்து லயத்தில் எங்கள் ரோலர் பால் டின். மூடியிலும் அடியிலும் ஆணியால் துளை, உள்ளே ஈரமண், நடுவே கம்பி, இழுக்கக் கயிறு. முதல் வகை, தோட்டத்து மண். காய்ந்தால் கலகலவென்று கொட்டிவிடும். இரண்டாவது, ஆற்று மணல். கனம் அதிகம், கயிறு அறுந்துவிடும். மூன்றாவது, மைலோ டின். அது கிராணி வீட்டுக் குப்பையில் மட்டுமே கிடைக்கும் அரிய பதிப்பு. அதை வைத்திருந்தவன் பெரட்டுக் களத்தில் தொரை மாதிரி நடப்பான்.

1968ல் ஒண்ணாம் நம்பரை ரோலரிடமிருந்து பிடுங்கி பென்ஸ் லாரிக்குக் கொடுத்தார்கள். அமெரிக்க ‘ஹாட் வீல்ஸ்’ அதே வருடம் வேகமாக உருண்டு வர, லெஸ்னியும் அடுத்த வருடம் சக்கரத்தை மாற்றிப் பின்னாலேயே ஓடியது. 1982ல் திவால்.

இப்போது பழைய மேட்ச்பாக்ஸ் வாங்கப் போனால், பொம்மையை எடுக்குமுன் கேட்கும் கேள்வி, “பெட்டி இருக்கா?” காகிதப் பெட்டி இருந்தால் விலை தனி. எங்கள் ரோலருக்கு அந்தத் தகராறு கிடையாது. உருளை, பெட்டி, இரண்டும் ஒரே டின்தான்.